கண்ணாடி போடாத படம்

மாஸ்டர்,

போன சனிக்கிழமை காலையில் கிள்ளான் பக்கத்துக் காப்பாரிலிருந்து ஒரு பெண் வந்து, பழைய நூல் சேலையில் சுற்றிய படம் ஒன்றை என் மேசைமேல் வைத்தாள். பக்கத்திலேயே ஒரு ஐஸ் பெட்டி. சேலையைப் பிரித்ததும் கடைக்குள் ஆளிவிதை எண்ணெய், காய்ந்த சந்தனம், பச்சை நண்டு மூன்றும் கலந்து ஒரு வாசனை எழுந்தது. பிரிக்பீல்ட்ஸில் இத்தனை கடை இருக்கிறது. இந்த மூன்றும் ஒன்றாக மணக்கிற கடை என்னுடையது ஒன்றுதான்.

அந்த வாசனை வந்தால் பின்னறையிலிருந்து உங்கள் சத்தமும் வந்தாக வேண்டும். "யோவ் தவுக்கே, நண்டு உசுரோட இருக்கா பாரு!" என்று. சீனக் கடைக்காரர்களைக் கூப்பிடுகிற அந்தச் சொல்லால்தான் கடைசிவரை என்னைக் கூப்பிட்டீர்கள். பாதி கேலி, பாதி மரியாதை. எது எந்தப் பாதி என்று நான் கேட்டதில்லை.

"மாஸ்டர் இல்லையா அங்கிள்?" என்று அந்தப் பெண் திரைச்சீலைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"மாஸ்டர் தவறிட்டாரும்மா. போன கிறிஸ்மஸுக்கு முன்னாடி."

அவள் ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எங்களுக்கு யாரும் சொல்லலியே?"

"உங்கப்பா நம்பருக்கு அடிச்சேன். லைன் போகல."

"அப்பாவும் இல்ல அங்கிள்" என்றாள்.

அவரவர் ஆளைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு, பெட்டிக்குள் நண்டு கால் பிராண்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

நீங்கள் போனதைச் சொல்வதே எனக்கு ஒரு வேலையாகிவிட்டது, மாஸ்டர். வாரத்துக்கு ஒருவராவது படத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் சொல்கிறேன். "எப்போ? எப்படி?" என்கிறார்கள். கிட்னி, டயாலிசிஸ், ஆஸ்பத்திரி என்று வரிசையாக ஒப்பிக்கிறேன். "நல்ல மனுசன்" என்கிறார்கள். ஆமாம் என்கிறேன். அப்புறம் படத்தைக் காட்டி, "இத யாரு துடைப்பா?" என்று கேட்கிறார்கள். அந்த இடத்தில்தான் எனக்கு அலுத்துப்போகிறது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முட்டி வலிக்கிறது. கடையை யாருக்காவது விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று இந்த வருடம் பலமுறை யோசித்தேன். உங்களிடம் சொல்லியிருந்தால், "விட்டுட்டு என்ன செய்வே? வீட்டுல உக்காந்து சுவத்துக்கு பிரேம் போடுவியா?" என்று கேட்டிருப்பீர்கள்.

நாம் சேர்ந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் எழுதிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

ரப்பர்த் தோட்டத்தை விட்டு வந்த புதிதில் கிள்ளான் பக்கம் மோட்டார் சைக்கிளில் சாமிப்படம் விற்றேன். லெட்சுமி, முருகன், பிள்ளையார், எல்லாம் தவணைக்கு. பிறகு இந்தக் கடையை எடுத்தேன். படத்துக்குச் சட்டம் போடுவது, கண்ணாடி வெட்டுவது. நீங்கள் ரயில்வேயில் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தீர்கள். கேன்வாஸ் இழுத்துக் கட்ட என்னிடம் துண்டுக் கட்டை கேட்டு வருவீர்கள். ஒரு நாள் ஓர் ஆள் அடையாளக் கார்டிலிருந்து பிய்த்த மாதிரி ஒரு சின்னப் படத்தைக் கொண்டுவந்து, "அம்மா படம் இது ஒண்ணுதான் இருக்கு. பெருசா போட முடியுமா பாஸ்?" என்று கேட்டான். நான் முடியும் என்று வாயெடுப்பதற்குள் நீங்கள் குறுக்கே வந்தீர்கள்.

"பெருசாக்கினா மூஞ்சி கரைஞ்சிடும். வரையணும்."

அன்றைக்குத் தொடங்கியது நம் வியாபாரம். ஆர்டர் பிடிப்பது நான். வரைவது நீங்கள். வாடிக்கையாளர் யாரையும் நேரில் பார்க்க மாட்டேன் என்று நின்றீர்கள். "பாத்தா அவங்க அழுவாங்க. அழுதா அவங்க சொல்றத வரைஞ்சிடுவேன். எனக்கு அந்த அம்மா மூஞ்சி மட்டும் போதும்." ஆகவே மூக்குத்தி எந்தப் பக்கம், தலைமயிர் எவ்வளவு நரை, சிரித்தால் பல் தெரியுமா என்று கேட்டுக்கேட்டு எழுதி வருவது என் பாடாகிவிட்டது. செத்துப்போன தாயைப் பற்றி அண்ணனும் தங்கையும் என் மேசை முன்னால் நின்று சண்டை போடுவார்கள். ஒருத்தருக்கு அம்மா மாநிறம், இன்னொருத்தருக்கு அதே அம்மா சிவப்பு. சண்டையெல்லாம் என் காதில். படம் மட்டும் உங்கள் கையில்.

வரைந்த படத்தைப் போட்டோ எடுக்க வேண்டும் என்று சொன்னது நான். ஆல்பத்தில் போட்டுக் காட்டினால்தான் அடுத்த ஆர்டர் வரும். நீங்கள் முகம் சுளித்தீர்கள். பிறகு என்னைவிட நீங்கள்தான் அதில் பிடிவாதமானீர்கள். எண்ணெய்ச் சாயம் மினுங்கும். பிளாஷ் அடித்தால் கன்னத்தில் வெள்ளையாக ஓர் ஓட்டை விழும். வெயிலில் வைத்தால் பிரஷ் போன தடமெல்லாம் சுருக்கம் மாதிரி தெரியும். பின்சந்தில், எதிர்க்கட்டடத்தின் நிழல் விழுகிற காலை நேரத்தில், நீங்கள் படத்தின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் சாய்ப்பீர்கள். நான் காலிச் சோடா பெட்டிமேல் ஏறி நிற்பேன்.

"வெள்ளைச் சட்டையோட வராதே லா! அந்த அம்மா கன்னத்துல உன் தொப்பை தெரியுது!"

அப்போதிருந்து கறுப்புச் சட்டை போட ஆரம்பித்தேன். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் மொத்தமாக எடுத்து வைத்தேன். யாருக்குத் துக்கம் என்று கேட்டவர்களுக்கு, "தொழில் துக்கம்" என்று நீங்களே பதில் சொன்னீர்கள்.

போட்டோவில் உங்கள் விரல்கள் இரண்டு பக்கமும் விழும். ஆல்பத்துக்கு அதை வெட்டிவிடுவேன். "விரலை ஏன்யா வெட்டுற? படம் என்ன தானா நின்னுச்சா?" என்பீர்கள். வெட்டாத பிரதிகளையும் வைத்திருக்கிறேன், மாஸ்டர். பெட்டி பெட்டியாக இருக்கிறது.

நமக்குள் தீராத சண்டை ஒன்றுதான், கண்ணாடி. சட்டம் போடுகிறவன் நான். கண்ணாடியில்தான் எனக்கு நாலு காசு. "எண்ணெய்ப் படத்துக்குக் கண்ணாடி போடுறது, மனுசன் மூஞ்சிக்கு பிளாஸ்டிக் பை போடுற மாதிரி" என்பீர்கள். நான் சொல்லிப் பார்த்தேன். "எங்க வீடுகள்ல படத்துக்குச் சந்தனம், குங்குமம் வைப்பாங்க மாஸ்டர். கண்ணாடி இல்லன்னா உங்க பெயிண்டு மேலயே வைப்பாங்க." நீங்கள் மெதடிஸ்ட் கிறிஸ்துவ வீட்டில் பிறந்தவர். உங்கள் அப்பா படம் சுவரில் சும்மா தொங்கியது. வருடத்தில் ஒரு நாள் ஒரு பூ. ஆகவே நான் சொன்னதைக் கண்ணாடி விற்பதற்காக நான் கட்டின கதை என்றே முடிவு செய்துவிட்டீர்கள்.

காப்பாருக்குப் போகிற வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தீர்கள்.

இந்தப் பெண்ணின் அம்மா படம். அப்பா போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டி ஓய்ந்தவர். பொட்டு எவ்வளவு பெரிது என்று நான் கேட்டபோது கட்டைவிரலை நீட்டி, "இந்த நகம் அளவு. அதுக்கு மேல ஒரு சுத்தும் வைக்க மாட்டா" என்றவர். வீட்டில் மாட்டி ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் கிளம்பினேன். அங்கே நண்டு நன்றாகக் கிடைக்கும் என்று ஒரு வார்த்தை விட்டேன். வாடிக்கையாளர் முகத்தையே பார்க்காத நீங்கள் என் காடியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள்.

படத்தை மாட்டினோம். நான் கேமராவைத் திறந்தேன். பெரியவர் உள்ளே போய்ச் சின்னக் கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தார். நீங்கள் எதற்கோ என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் மோதிரவிரலால் தொட்டு நேரே நெற்றியில் வைத்தார்.

"ஐயோ! பெயிண்டு காயலய்யா! தொடாதீங்க!"

தெருவில் போன மோட்டார்கூட நின்று பார்த்தது. பெரியவர் பதறவில்லை. சந்தனத்தின் நடுவில் குங்குமத்தையும் வைத்து முடித்துவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"என்ன தம்பி இப்படிக் கத்துறீங்க?"

"பொட்டுதான் வரைஞ்சிருக்கேனே! நீங்க சொன்ன அளவுலயே வரைஞ்சிருக்கேனே!"

"அது நீங்க வச்சது தம்பி. இது நான் வைக்கிறது."

எந்த வாயாடிக்கும் பதில் வைத்திருந்த ஆள் நீங்கள். நேரே போய்க் காடியில் ஏறிவிட்டீர்கள். நண்டும் சாப்பிடவில்லை. கிள்ளானில் ஒரு கடையில் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அதை ஆறவிட்டுக்கொண்டே கேட்டீர்கள்:

"எல்லா வீட்டுலயும் இப்படித்தானா?"

"முதல்லேருந்து இதத்தானே சொல்றேன்."

"கண்ணாடி விக்கிறதுக்குச் சொல்றியோன்னு நெனச்சேன்." கொஞ்சம் பொறுத்து, "காடியத் திருப்பு" என்றீர்கள்.

திரும்பிப் போனோம். கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்று சொல்லப் போகிறீர்கள், கடைசியில் எனக்கும் ஒரு வழி பிறந்தது என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். நீங்கள் பெரியவர் முன்னால் நின்று வேறு ஏதோ சொன்னீர்கள். "பெரியவரே, கண்ணாடி வேணாம். பெயிண்டு காயுற வரைக்கும் சட்டத்துல வைங்க. காஞ்சப்புறம் நெத்தியிலயே வைங்க, எத்தன வேணாலும் வைங்க. ஆனா வருசத்துக்கு ஒரு தடவ, திதிக்கு முந்தின வாரம், எங்கிட்ட கொண்டாங்க. நான் சுத்தமா துடைச்சுத் தரேன். காசு வேணாம்."

"சும்மா செஞ்சா நான் எப்படித் தம்பி உரிமையாக் கேட்டு வர்றது?" என்றார் பெரியவர்.

அவரும் யோசித்தார், நீங்களும் யோசித்தீர்கள். கடைசியில் நண்டில் வந்து முடிந்தது.

அதற்குப் பிறகு ஆர்டர் கொடுத்தவர்களுக்கெல்லாம் அதே பேச்சைச் சொல்லச் சொன்னீர்கள். நண்டுக் கூலி காப்பார்க்காரரிடம் மட்டும். தீபாவளிப் படையலுக்காகவும் கொண்டுவருவார்கள்; அதற்கு முந்தின மாதம் என் கடை கிளினிக் மாதிரி ஆகிவிடும். கடை முன் அஞ்சடி நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அம்மாவையும் அப்பாவையும் மடியில் வைத்துக்கொண்டு சனங்கள் காத்திருப்பார்கள். கண்ணாடிக் காசும் போச்சு, இலவச வேலையும் வந்தது. அதைச் சொல்லி உங்களைத் திட்டாத வருடம் இல்லை.

நீங்கள் எப்படித் துடைத்தீர்கள் என்பது நம் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கே தற்செயலாகத்தான் தெரிந்தது. துடைத்த பிறகு ஒரு போட்டோ எடுப்பது வழக்கம் அல்லவா? நேரமாகிறதே என்று ஒரு நாள் திரையை விலக்கிவிட்டேன். சாத்தே கறி கோக்கிற மூங்கில் குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, அதை நாக்கில் தொட்டு, யாரோ ஒரு அம்மாவின் நெற்றியில் உருட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"அலாமாக்! மாஸ்டர்! எச்சிலா?"

"கத்தாதே. திரைய மூடு."

"தெய்வமா கும்பிடுற படம் மாஸ்டர்! தெரிஞ்சா கடையக் கொளுத்திடுவானுங்க!"

"தண்ணி சும்மா நனைக்கும். சோப்பு தோல உரிக்கும். எச்சில்தான் கேட்டு வாங்கும்" என்றீர்கள், பஞ்சைத் திருப்பிக்கொண்டே. "எந்த ஊர் பெயிண்டரையும் கேட்டுப் பாரு."

"பெயிண்டருக்குச் சரி. எங்க சனத்துக்கு?"

நீங்கள் அப்போதுதான் தலையைத் தூக்கினீர்கள். "ஏன் தவுக்கே, சின்னப்பிள்ளையில உங்கம்மா உன் மூஞ்சிய எதுல துடைச்சா?"

நான் திரையை மூடிவிட்டு வெளியே வந்தேன். வெளியே நாற்காலியில் இருந்த ஆள், "என்ன பாஸ் சத்தம்?" என்றான். "பல்லி" என்றேன்.

உங்களுக்கு உடம்பு முடியாமல் போனதும் துடைக்கிற வேலை நின்றது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு, "காப்பார்க்காரர் வந்தாரா?" என்று இரண்டு முறை கேட்டீர்கள். வரவில்லை என்றேன். நண்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைத்து, "டாக்டர் உங்களுக்கு நண்டு கூடாதுன்னாரு" என்றும் சொன்னேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

நீங்கள் போனபிறகு வந்தவர்களுக்கெல்லாம் ஒரே வழிதான் சொன்னேன். மேலாகப் பட்டதைத் தூரிகையால் தட்டிவிட்டு, கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். நான் துடைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இன்னொருத்தர் அம்மா நெற்றியில் என் எச்சிலை வைக்க எனக்கு மனம் வரவில்லை, அதுதான் உண்மை. ஒருவர் தம்ளரில் இன்னொருவர் வாய்வைத்துக் குடித்தால் முதுகில் ஓர் அடி வைக்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். எப்படியோ கண்ணாடிச் சண்டையில் ஜெயித்துவிட்டேன், மாஸ்டர். ஒரு ருசியும் இல்லை.

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் பெயர் கலைவாணி. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஷிப்ட் வேலை. வேலை முடிந்து தூங்காமல் அப்படியே வந்திருந்தாள். சந்தனம் அம்மாவின் நெற்றியில் புண்ணுக்குமேல் பொருக்குக் கட்டின மாதிரி தடித்துக் கிடந்தது. ஓரம் வெடித்து மேலே சுருண்டிருந்தது. சுருளும்போது சாயத்தையும் இழுக்கிறது. இடது புருவத்துக்கு மேல் பச்சரிசி அளவு ஒரு துண்டு ஏற்கெனவே போய், வெறும் கேன்வாஸ் தெரிந்தது.

"ஏம்மா இத்தன வருசம் கொண்டுவரல?"

"அடியில இருக்கறது அப்பா வச்சது அங்கிள்." அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குக் காலையில வச்சிட்டுப் போனாரு. திரும்பி வரல. துடைச்சா அதுவும் போயிடும்ல. அதான் அதுக்கு மேலயே நான் வச்சுக்கிட்டு வந்தேன். போன வாரம் இது உதிர்ந்து கீழ விழுந்துச்சு. பயந்துட்டேன். அடுத்த வாரம் அம்மா திதி."

நான் வியாபாரி. என்னிடம் எப்போதும் இரண்டு வழி இருக்கும். முதல் வழியைச் சொன்னேன்.

"கண்ணாடி போட்டுருவோம். எல்லாம் அப்படியே உள்ள இருக்கும்."

"கண்ணாடிக்குள்ள உதிர்ந்தா?"

இரண்டாவது வழியைச் சொன்னேன். "மாஸ்டர் வரைஞ்ச புதுசுல எடுத்த போட்டோ என்கிட்ட இருக்கு. அதே அளவுல கேன்வாஸ்ல அச்சடிச்சுத் தரேன். புதுசு மாதிரி இருக்கும்."

"அப்ப இந்த அம்மாவ என்ன செய்ய?"

இரண்டு வழியும் அதோடு முடிந்தது. அவள் திரைச்சீலையைப் பார்த்தாள். "மாஸ்டர் எப்படித் துடைப்பாரு? நீங்க கூடவே இருந்தீங்கல்ல, பாத்திருப்பீங்கல்ல?"

ஏதாவது மருந்து என்று சொல்லியிருக்கலாம். அந்த மருந்து இப்போது கிடைப்பதில்லை என்று முடித்திருக்கலாம். பொய் சொல்ல எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் அலுப்பு ஒரு கட்டத்துக்கு மேல் போனால் பொய் சொல்லவும் தெம்பு இருப்பதில்லை, மாஸ்டர். சொல்லிவிட்டேன். குச்சி, பஞ்சு, நாக்கு, எல்லாம். சொல்லிவிட்டு, கடையைப் பற்றி ஊரெல்லாம் என்ன பேசப்போகிறதோ என்று மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் முகம் மாறியது. "எங்கம்மா எச்சில் பாக்கறவங்க அங்கிள். கரண்டியில ருசி பாத்துட்டு அதே கரண்டிய திரும்ப சட்டியில போட விட மாட்டாங்க."

"அதான்மா. அதனாலதான் நாங்க வெளிய சொல்லல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நீங்கள் என்னிடம் கேட்டதையே அவளிடம் கேட்டேன்.

"சின்னப்பிள்ளையில உங்கம்மா உன் மூஞ்சிய எதுல துடைச்சாங்க?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "ஸ்கூல் பஸ் ஹாரன் அடிக்கும் அங்கிள். ஓடிவந்து புடிச்சு நிறுத்தி, முந்தானைய நாக்குல தொட்டு, பவுடர் திட்டுத்திட்டா இருக்கறத தேச்சு விடுவாங்க. பஸ்ல எல்லாரும் பாப்பாங்க. மானம் போகும்."

"எச்சில் பாக்கறவங்கதானே?"

"அப்ப மட்டும் பாக்க மாட்டாங்க."

அவள் எழுந்து பின்னால் போய்க் குழாயில் வாய் கொப்பளித்தாள். இரண்டு முறை, மூன்று முறை. உங்கள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் குச்சியில் பஞ்சு சுற்றிக் கொடுத்தேன். கட்டி வைத்திருந்த பெட்டிகளில் தேடி, வெட்டாத போட்டோவை எடுத்து வந்து படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். திரையை மூடவில்லை.

"அழுத்தாதே. உருட்டு. ஒரு பஞ்ச ஒரு தடவைக்கு மேல வைக்காதே." நீங்கள் முனகிக்கொண்டே செய்ததெல்லாம் என் வாயில் வந்தது. முதலில் மஞ்சளாக வந்தது. அவள் வைத்த சந்தனம், கடையில் வாங்கும் தூள். பொருக்கு ஊறி மெதுவாக இளகியது. அதற்கடியில் நிறம் மாறியது. கொஞ்சம் கறுத்த, கட்டையில் இழைத்த சந்தனம்.

அவள் கை நின்றது. "இது அப்பா."

இங்கேயே நிறுத்தலாம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் வெடிப்பு அதற்கும் கீழே போயிருந்தது. விட்டால் அடுத்த வருடம் புருவம் போகும், அதற்கடுத்த வருடம் கண். அதை அவளும் பார்த்தாள். போட்டோவைக் கையில் எடுத்தாள்.

"இந்த விரல் யாருது?"

"மாஸ்டரோடது."

"அம்மா பொட்டு இவ்ளோதான் இருந்துச்சா?"

"உங்கப்பா நகம் காட்டின அளவு."

போட்டோவைக் கீழே வைத்துவிட்டுப் புதுப் பஞ்சை நாக்கில் தொட்டாள். கறுத்த சந்தனம் வந்தது. அப்புறம் சிவப்பு வந்தது. வருவது குங்குமமா, நீங்கள் வைத்த சிவப்பா? இரண்டும் ஒரே நிறம். நீங்கள் இருந்தால் கண்ணாலேயே சொல்வீர்கள். நான் போட்டோவையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தேன். வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஓரம் கூராக, ஒரு கட்டைவிரல் நக அளவில் நின்றது.

"போதும்" என்றேன். நீங்கள் சொல்கிற அதே சொல்தான்.

கடைசியாக எடுத்த பஞ்சை அவள் குப்பைக் கூடையில் போடவில்லை. டிஷ்யூவில் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். நான் கேமராவுக்கு பேட்டரி தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

பின்சந்துக்குப் போனோம். நிழல் விழுகிற நேரம் கொஞ்சம் தாண்டியிருந்தது, ஆனாலும் பரவாயில்லை. சோடா பெட்டிமேல் ஏற முட்டி இடம் கொடுக்கவில்லை. அவளை ஒரு படி கீழே நிற்கச் சொன்னேன். "கொஞ்சம் முன்னால சாய்ச்சுப் புடி. இன்னும் கொஞ்சம். அசையாதே."

"என் விரல் விழுதே அங்கிள்?"

"விழட்டும்."

படத்தில் அந்த அம்மா நீங்கள் வரைந்த நாளில் இருந்த மாதிரியே இருந்தார். புருவத்துக்கு மேல் அந்த வெள்ளைப் புள்ளி மட்டும் அப்படியே இருக்கிறது. அதை நிரப்ப எனக்குத் தெரியாது என்று சொன்னேன். "இருக்கட்டும்" என்றாள்.

என்னிடம் மிச்சம் இருப்பது என்னவென்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை, மாஸ்டர். அலமாரி நிறையக் கறுப்புச் சட்டை. பெட்டி நிறைய உங்கள் விரல். எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்த விரல் காட்டுகிறது, நான் போதும் என்கிறேன். கண்ணாடி போட்டு அனுப்பியவர்களை, வந்து தாங்களே துடைத்துக்கொள்ளச் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். நம்பர் தேட வேண்டும், விளக்க வேண்டும், எச்சில் என்றதும் நாலு பேரிடம் வசவு வாங்க வேண்டும். நினைத்தாலே களைப்பாக இருக்கிறது. கடையை விடுகிற பேச்சை மட்டும் இந்த வருடத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

கலைவாணி படத்தை மறுபடி அம்மா சேலையில் சுற்றினாள். ஐஸ் பெட்டியை என் பக்கம் தள்ளினாள். "அடுத்த வருசம் என்ன கணக்கு அங்கிள்? இப்பவே பேசிக்கலாம்" என்றாள். லோரிக்காரர் மகள் அல்லவா. நானும் விடவில்லை. நின்றபடியே பேசி முடித்தோம்.

கண்ணாடி கிடையாது. பொட்டு எத்தனை வேண்டுமானாலும் நெற்றியிலேயே வைக்கலாம். வருடத்துக்கு ஒரு முறை, திதிக்கு முந்தின வாரம், படம் கடைக்கு வர வேண்டும். துடைப்பது அவள். குச்சி, பஞ்சு, முக்காலி என்னுடையது. பக்கத்தில் நின்று போதும் என்று சொல்வதும், போட்டோ எடுப்பதும் நான். கூலி ஒரு பெட்டி நண்டு, உயிரோடு. அதில் பாதி உங்கள் வீட்டுக்கு, மாஸ்டர்.